திருத்துருத்தித் திருக்குளமும் படைநோய்ப் பத்தியமும்

உயிர் பக்குவமெய்துதற்கு இறைவன் திருவருளாற் கூட்டிய கருவி உடம்பு. மாயையின் காரியமாகிய இவ்வுடம்பு இன்றேல், ஆணவ மறைப்பினுட் கிடக்கும் உயிர்க்கு அறிவும் இச்சையும் செயலும் ஒருசிறிதும் விளங்குமாறில்லை. இறைவன் உள்ளே கோயில் கொண்டிருத்தலின் உடம்பை ஓம்புதல் வேண்டும் என்பது திருமூலர் கருத்து. ஆகவே, உடம்பைப் பேணுதல் சைவர்க்குச் சரியைத் தொண்டின் ஒரு பகுதியேயாம். திருக்கோயிலைத் துலக்குவான் தன் உடம்பையும் துலக்குதல் கடன்.

இக்கடனை ஆற்றுதற்கண் பெரிதும் இடர்ப்படுவோர் தோல்நோயுடையார். ஏனை நோய்கள் உள்ளே நின்று வருத்த, தோல்நோயோ புறத்தே நின்று பிறர் கண்ணுக்குப் புலனாகின்றது. நோயால் வரும் துன்பம் ஒரு பங்காயின், கண்டார் ஒதுங்குதலால் வரும் துன்பம் இரு பங்காகின்றது. திருக்குளத்தில் இறங்க அஞ்சுவோரும், மகேசுர பூசைப் பந்தியில் அமர நாணிப் புறத்தே நிற்போரும், “இது முற்பிறப்பின் பாவம்” என்னுஞ் சொல்லைக் கேட்டுக் கேட்டு வழிபாட்டையே கைவிட்டோரும் அடியாருள்ளும் உளர். இவ்விலக்கு யாண்டுத் தோன்றியது, சைவ வரலாறு இதனை ஏற்கின்றதா, பண்டையோர் வகுத்த பத்தியம் இன்றைய அறிவின் முன் எத்துணை நிலைபெறுகின்றது என்னும் மூன்றும் ஈண்டு ஆராயப்படும்.

நோயின் இயல்பு

மேனாட்டு மருத்துவர் சொரியாசிஸ் என்றும், சித்த மருத்துவர் காளாஞ்சகப் படை என்றும் வழங்கும் நோயே ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் தடித்த படைகள் எழும். அவற்றின்மேல் வெள்ளித்தகடு போன்ற செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்து உதிரும். வெண்ணிறத்தாரிடம் படை செந்நிறமாகத் தோன்றும். கருநிறத்தாரிடம் கருமையோ ஊதாவோ கலந்து காணப்படும். நகங்களிற் சிறு குழிகள் விழுதலும் உண்டு. சிலர்க்கு மூட்டுக்களும் வீங்கி வலிக்கும். உலக மக்களுள் நூற்றுக்கு இருவர் மூவர்க்கு இந்நோய் உண்டென்பது பொதுவாகக் கூறப்படுங் கணக்கு.

நோயின் காரணம் இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. வெளிப்பகையை எதிர்த்தற்கென உடம்பில் அமைந்த காப்பாற்றல், நெறி பிறழ்ந்து, தன் உடம்பையே பகையெனக் கருதித் தூண்டப்படுகின்றது. அதனால், ஏறக்குறைய ஒரு திங்களில் முதிர்ந்து உதிரவேண்டிய தோலணுக்கள் சின்னாட்களிலேயே பெருகி மேலெழுந்து செதில்களாகக் குவிகின்றன. இவ்வியல்பு குடிவழியிலும் வருவது. தொண்டைப்புண், தோற்காயம், மனக்கவலை, மது, புகை, சில மருந்துகள் என்பன மறைந்து கிடக்கும் நோயைக் கிளப்பிவிடுவனவாம். இது கிருமியால் பரவுவதன்று. நோயுற்றாரைத் தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே குளத்தில் நீராடுவதாலோ ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்லவே செல்லாது. இவ்வுண்மை நிறுவப்படுதற்கு முன் நெடுங்காலம் கழிந்தது. அக்காலத்து நிகழ்ந்த கொடுமைகட்குப் பெயர்மயக்கமே பெருங்காரணமாயிற்று.

பெயரால் வந்த கேடு

வடமொழி மருத்துவ நூல்கள் தோல்நோய்கள் பலவற்றையும் குஷ்டம் என்னும் ஒரே பெயரின்கீழ் அடக்கின. சரகர் அவற்றைப் பெருங்குட்டம் 7, சிறுகுட்டம் 11 எனப் பதினெட்டாக வகுத்தார். சிறுகுட்டங்களுள் ஒன்றாகிய ஏககுட்டம் வியர்வையின்றி, உடம்பிற் பரந்து, மீன்செதில் போலத் தோன்றும் என்றார். இக்குறி படைநோயை நினைவூட்டுவதாகும். தமிழ்ச் சித்தருள் யூகிமுனிவரும் குட்டம் பதினெட்டென்றே வகுத்தார். உறுப்புக்களை அழிக்கும் தொழுநோயும், செதிலுதிர்க்கும் படைநோயும் இங்ஙனம் ஒரு குடும்பத்தினவாகக் கருதப்பட்டன. சுசுருதரோ குட்டம், சுரம், கண்ணோய் முதலியன தொடுதலாலும், உடனுண்டலாலும், படுக்கை, ஆடை, மாலை என்பவற்றாலும் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குப் பற்றும் என்றார். தொற்றுவனவாகிய சில நோய்களை நோக்கிக் கூறிய இவ்விதி, ஒரு பெயர்ப்பட்ட காரணத்தால், தொற்றாத நோயுடையார்மேலும் பாய்ந்தது.

மேனாட்டிலும் இக்கேடே நிகழ்ந்தது. கிரேக்க மருத்துவர் செதிலுதிரும் நோய்களை லெப்ரா என்றனர். எபிரேயர் மறைநூலில் தீட்டென விலக்கப்பட்ட தோற்குற்றத்தைக் குறிக்குஞ் சொல்லைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர் லெப்ரா என்னும் இச்சொல்லாலேயே பெயர்த்தனர். பின்னாளில் தொழுநோய்க்கும் அதுவே பெயராயிற்று. 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், அந்நோயர் பிறரோடு கலந்து வாழ்தல் இயலாமையின் அவர்க்குத் தனிக்கோயிலும் தனியிடுகாடும் அமைக்க விதித்தது. அங்ஙனம் ஒதுக்கப்பட்டாருள் படைநோயரும் பலர் இருந்திருத்தல் வேண்டும் என்பது மருத்துவ வரலாற்றாசிரியர் துணிபு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லன் தோல்நோய்களை வகைப்படுத்திப் படைநோயின் குறிகளைத் தெளிவுற எழுதினார். எனினும் லெப்ரா என்னும் பெயர் அவர் நூலிலும் நீங்கிற்றில்லை. 1841இல் வியன்னா நகரத்துப் பெர்டினாண்டு ஹெப்ராவே அப்பெயரை அறவே நீக்கிப் படைநோய் வேறு, தொழுநோய் வேறு என நிறுவினார். 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோய்க்குரிய கிருமியைக் கண்டார்.

அறிவு தெளிந்த பின்னரும் வழக்கம் தெளிந்திலது. 1898இல் இந்தியாவில் இயற்றப்பட்ட தொழுநோயர் சட்டம் ஏழை நோயரைப் பிடித்துப் புகலிடங்களில் அடைக்க இடந்தந்தது. 2016இல்தான் அது நீக்கப்பட்டது. தொழுநோயும் இன்று மருந்தால் முற்றத் தீர்வதாகலின், அந்நோயரை விலக்குதற்கும் நெறியில்லை. “இது தொழுநோயன்று” என்று சொல்லிப் படைநோயர் தம்மைக் காத்துக்கொள்ள நேர்வதே ஒரு குறை. ஒருவர்மேலுள்ள இழிவை மற்றொருவர்மேல் இறக்கிவைத்தல் அறமாகாது. 2014ஆம் ஆண்டு மே திங்களில் உலக நலப் பேரவை படைநோய் குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றி, அது நாட்பட்டது, தொற்றாதது, நோயர் உலகெங்கும் இழிவுக்கு ஆளாகின்றனர் என அரசுகட்கு உணர்த்திற்று.

திருத்துருத்தி வரலாறு

இனி, சைவ வரலாறு கூறுவது யாதென நோக்குவாம். மயிலாடுதுறைக்கு அணித்தாகக் காவிரியின் தென்கரையில் உள்ளது திருத்துருத்தி. இக்காலத்துக் குத்தாலம் எனப்படும். ஆண்டு எழுந்தருளியுள்ள பெருமான் திருப்பெயர் சொன்னவாறறிவார். நம்பியாரூரர் திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்து, ஆரூர் வசந்தவிழாவை நினைந்து எல்லை நீங்கியபோது இருகண்ணும் மறையப்பெற்றார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்று, சோழநாட்டினுட் புக்கார். அவ்வளவில் அவர் திருமேனியைப் புதியதொரு பிணி பற்றியிருந்தது. திருத்துருத்தியில் அப்பிணி நீங்க வேண்டி விண்ணப்பித்தபோது, திருக்கோயிலின் வடபாலுள்ள குளத்திற் குளிக்கும்படி இறைவன் அருளினார். நாவலூரர் அங்ஙனமே மூழ்கியெழ, பிணி நீங்கித் திருமேனி ஒளிபெற்றது. இதனைச் சேக்கிழார் பெருமான் ஏயர்கோன் கலிக்காமநாயனார் புராணத்து விரித்தோதியுள்ளார்.

அப்பிணி தோல்நோயென்பது தலவழக்கு. இன்ன பெயருடைய நோயென இக்காலத்து நூல்கொண்டு துணிதல் ஆகாது. அங்ஙனம் துணிதல் வேண்டுவதுமின்று. ஈண்டு உணரத்தக்கன வேறு மூன்றுள.

முதலாவது, நோயுற்ற மேனியோடு நம்பிகள் திருக்கோயில்தோறுஞ் சென்று வணங்கினார். மேனி கெட்டதென்று வழிபாட்டை நிறுத்தினாரில்லை. அடியார் அவரை விலக்கினரென்னும் பேச்சும் புராணத்து இல்லை. இரண்டாவது, இறைவன் அவரை ஊர்ப்புறத்தே தனித்துறை தேடுமாறு பணித்திலன். தன் திருக்கோயிற் குளத்திலேயே குளிக்கப் பணித்தான். தோல்நோயர் இறங்கின் குளம் தூய்மை கெடும் என்பார்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை. மூன்றாவது, நினைத்த மாத்திரையே பிணிதீர்க்க வல்ல பெருமான், நம்பிகளையும் ஒரு செயல் செய்வித்தே தீர்த்தான். அருள் அவனது, நீரில் இறங்குதல் இவரது. இம்மூன்றாவது கருத்தே பத்தியத்திற்கு அடிப்படையாவது.

தொழுநோய் பற்றியும் திருநாவுக்கரசர் கூறியதொன்றுண்டு. உறுப்புக்கள் குறைந்து அழுகும் நோயுடையராயினும், பிறப்பினாற் கடைப்பட்டாராக உலகம் எண்ணுவாராயினும், சிவபெருமானுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்குங் கடவுள் என்னுங் கருத்தைத் தனித்திருத்தாண்டகத்து அருளினார். சூலைநோயின் கொடுமையைத் தம்முடம்பிற் கண்டறிந்த பெருமான் வாக்கு இது. அந்நெறி நிற்போர்க்கு, தொற்றாத படைநோய் கொண்டாரைப் பந்தியினின்று எழுப்ப நாவெழுமோ?

வினையென்று வாளாவிருத்தல் தகுமோ

அற்றேல், நோய் பிராரத்தத்தின் வழி வருவதென்பது சைவ சித்தாந்தமன்றோ? நுகர்ந்தே கழிக்கவேண்டிய வினைக்கு மருந்தும் பத்தியமும் எற்றுக்கு எனின், அதற்கு விடை திருஞானசம்பந்தர் வரலாற்றிலேயே உள்ளது. கொங்குநாட்டுத் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, அது வினைப்பயனென அறிந்திருந்தும் உய்தி தேடாமல் இருத்தல் குறையே என்னுங் கருத்துப்படத் திருநீலகண்டப் பதிகம் அருளிப் பிணியைப் போக்கினார். திருப்பாச்சிலாச்சிராமத்துக் கொல்லிமழவன் மகளின் முயலகனோயையும் அவரே தீர்த்தார். வினையென்றறிதல் ஒன்று, அவ்வறிவைக் காட்டிக் கைகட்டியிருத்தல் வேறொன்று.

மேலும், ஒருவர் நோயைக் கண்டு இன்ன பாவத்தின் பயன் எனத் தீர்ப்புக்கூறும் உரிமை மாந்தர்க்கு யாண்டும் தரப்படவில்லை. வினையை அறிந்து ஊட்டுவோன் இறைவன் ஒருவனே. நம்பிகட்குச் சூளுறவு பிழைத்தமையால் இடர் வந்ததெனச் சேக்கிழார் கூறுவர். ஆயினும், அது கொண்டு அவரைத் தாழ்த்தினாரல்லர். தம்பிரான்றோழர் என்றே போற்றினார். தன் வினையை எண்ணித் தான் திருந்துதல் சைவம். பிறன் வினையை எண்ணி அவனை ஒதுக்குதல் சைவமாகாது.

புள்ளிருக்குவேளூரில் இறைவன் வைத்தியநாதன் எனப்படுகின்றான். நவக்கோள்களுள் ஒருவனாகிய அங்காரகனே தோல்நோயுற்று ஆண்டு வழிபட்டு நலம்பெற்றான் என்பது தலபுராணம். திருச்சாந்துருண்டை மருந்தாக வழங்கப்படுவதும் அத்தலத்தின் மரபு. இறைவனையே மருத்துவனாகக் கண்ட சமயம், மருத்துவத்தை மறுத்தல் யாங்ஙனம்?

திருக்கோயிலும் மருத்துவச்சாலையும்

வரலாற்றுச் சான்றுகளும் இதனையே வலியுறுத்துவன. செங்கற்பட்டுக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று, வீரசோழன் என்னும் பெயர்பூண்ட ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. அது திருமால் கோயிலைச் சார்ந்தது. பதினைந்து நோயர்க்குப் படுக்கையும், மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும், மூலிகை கொணர்வாரும், நோயரைப் பேணும் பெண்டிரும் ஆண்டிருந்தனர். சேங்கொட்டையும் கடுக்காயும் சேர்ந்த பல்லாதக அரிதகி முதலாகப் பல மருந்துகளின் பெயரும் கல்லில் எழுதப்பட்டுள. சேங்கொட்டை பண்டை நூல்களில் தோல்நோய்க்கு எடுத்தோதப்படும் பொருள்களுள் ஒன்று.

சைவத்துக்கே உரிய சான்று ஆந்திர நாட்டுக் குண்டூர்ப் பகுதியிலுள்ள மல்காபுரக் கல்வெட்டு. கோளகி மடத்து விசுவேசுவர சிவாசாரியார்க்குக் காகதீய மன்னன் கணபதியும் அவன் மகள் உருத்திரமாதேவியும் அளித்த ஊர்களின் வருவாய் எவ்வாறு செலவாதல் வேண்டும் என்று 1261இல் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு விதிக்கின்றது. வருவாயை மூன்று கூறாக்கி, ஒன்று சிவாலயத்துக்கும், ஒன்று மாணவர்க்கும் மடத்துக்கும், ஒன்று மகப்பேற்றுச் சாலை, நோய்தீர்க்கும் சாலை, உணவுச்சாலை என்பவற்றுக்கும் என வகுக்கப்பட்டது. பூசைக்கு எத்துணைப் பங்கோ அத்துணைப் பங்கு நோய்க்கும் பசிக்கும் என்றமை நோக்கத்தக்கது. சைவாசாரியர் நோயரை வாயிலிற் கண்டு கதவடைத்தாரல்லர். அவர்க்கென வாயில் திறந்தனர்.

பத்தியம்: பண்டை விதியும் இன்றைய அறிவும்

மருந்தினும் பத்தியத்தையே முன்வைத்தனர் பண்டையோர். முன்னுண்டது அற்றபின் அளவறிந்து உண்ணலும், உடம்பொடு மாறுபடாத உணவைக் கொள்ளலும் திருவள்ளுவர் மருந்ததிகாரத்து வற்புறுத்தியவை. ஒரு நாளைக்கு இருபொழுதன்றி மூன்றுபொழுது உண்ணாமையும், நான்குநாட்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் தேரையர் நோயணுகா விதியாகக் கூறினார். சரகர், குட்டமுடையார்க்கு எளிதிற் செரிக்கும் கூலங்களும், பாசிப்பயறும், புடல் முதலிய கைப்புக் காய்களும் கீரைகளும் நன்று என்றும், செரித்தற்கரிய உணவு, புளிப்பு, பால், தயிர், மீன், வெல்லம், எள் என்பன தீது என்றும் வகுத்தார். மீனும் பாலும் ஒருங்குண்ணல் போன்ற மாறுகொள் உணவையும், வயிறுநிறைய உண்டவுடன் கடுந்தொழில் செய்தலையும் காரணங்களுள் வைத்தெண்ணினார். நாட்டு மருத்துவர் கத்தரி, கருவாடு, புளி என்பவற்றை விலக்குவர்.

இவற்றுள் இன்றைய ஆராய்ச்சியால் உறுதி பெற்றன எவை, பெறாதன எவை என்பதை மறையாது கூறுதல் வேண்டும். உறுதி பெற்றவற்றுள் தலையாயது அளவுணவு. 2018இல் அமெரிக்கத் தேசியச் சொரியாசிஸ் அறநிறுவனத்தின் மருத்துவக்குழு, உணவு பற்றி அதுகாறும் வெளிவந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்து நோக்கி, மிகையுடல் கொண்டார் உணவைக் குறைத்து எடையைத் தணித்தலையே வலியுறுத்திப் பரிந்துரைத்தது. மிகைக்கொழுப்பு உடம்பினுள் அழற்சியை வளர்ப்பதாகலின், அது குறையக் குறையப் படையும் தணிதல் இயல்பே. கோதுமை முதலியவற்றிலுள்ள பசைப்புரதத்தை எல்லோரும் விலக்கவேண்டுவதில்லை. குருதிச்சோதனையில் அதற்கு ஒவ்வாமைக்குறி கண்டார்க்கே அது பயன்படும் என்றும் அக்குழு கூறிற்று. பால், கத்தரி, புளி என்பவற்றை விலக்கினால் படை தீரும் என்பதற்குத் தக்க சான்று இன்னும் கிடைத்திலது. ஒருவர்க்கு ஓருணவால் நோய் மிகுவது தெளிவாயின் அவர் அதனை விடுதல் நன்று. எல்லாவற்றையும் விட்டு உடம்பு மெலிதல் நன்றன்று.

ஈண்டுச் சைவர் ஒன்று கருதவேண்டும். புலால் மறுத்தல் கொல்லாமை பற்றிய பேரறம். அதனை நோய்மருந்தென விலைபேசுதல் அதன் பெருமைக்குக் குறைவு. ஊனுண்ணாமை மாத்திரையே படைநோயைத் தடுக்கும் எனவும் எண்ணற்க. சர்க்கரைப் பொங்கலும், நெய்யில் மிதக்கும் பணியாரமும், வடையும் அளவின்றி உண்பாரது உடம்பும் பருக்கவே செய்யும். பிரசாதம் உள்ளங்கையளவாகக் கொள்ளப்படும் பொருள். விரதநாளில் ஒருபொழுது உணவை ஒழித்துவிட்டு மறுபொழுதில் இருமடங்கு உண்பார், விரதத்தின் பயனையும் இழந்து உடம்பின் நலத்தையும் இழப்பர். சோமவாரமும் பிரதோடமும் நம் முன்னோர் அமைத்த அளவுணவுப் பயிற்சிகள். கீரை, காய், பயறு, கனி, தீட்டாத கூலம் என்பவற்றை மிகுத்து, இனிப்பையும் பொரித்தவற்றையும் குறைத்து உண்டலே இன்றைய நூல்களும் பண்டை நூல்களும் ஒருங்கு கூறும் நெறி. நீரிழிவுடையாரும், கருவுற்றாரும், மருந்துண்பாரும் மருத்துவரைக் கேளாது கடும்பட்டினி கிடத்தல் தகாது.

கள்ளும் புகையும் ஐயத்துக்கு இடமின்றி விலக்கத்தக்கன. மது நோயை மிகுப்பதோடு, நோய்க்குத் தரும் மருந்துகளாற் கல்லீரலுக்கு வரும் கேட்டையும் பெருக்கும். புகைப்பார்க்குப் படைநோய் வருவதும் கடுமையாவதும் மிகுதி என்பது பல ஆராய்ச்சிகளின் முடிபு. மதுவிலக்கைச் சைவம் முன்னரே விதித்தது. சுருட்டுப் பழக்கமோ மெய்யடியாருள்ளும் சிலரை விட்டபாடில்லை.

நீரும் வெயிலும் நேர்த்திக்கடனும்

நீராடல் படைநோயர்க்கு நன்று, மிகுவெந்நீர் ஆகாது. இளஞ்சூட்டு நீரில் மெல்லெனக் குளித்து, ஈரம் முற்றும் உலராமுன் தேங்காயெண்ணெயோ மருத்துவர் தந்த களிம்போ பூசுதல் தோலின் வறட்சியைத் தணிக்கும். எண்ணெய் முழுக்கு என்னும் முன்னோர் வழக்கத்தின் பயன் ஈண்டு விளங்கும். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்துச் சமைக்கும் தைலம் சித்த மருத்துவரால் இந்நோய்க்குப் பெரிதும் கையாளப்படுகின்றது.

காலைக்கதிர் படுதலும் பலர்க்கு நலஞ்செய்யும். சாக்கடற்கரையில் உவர்நீராட்டும் வெயிலும் கொண்டு இந்நோயை ஆற்றும் வழக்கம் உண்டு. கார்போகரிசியை உண்பித்தும் பூசியும் வெயில் காட்டி வெண்குட்டத்தை ஆற்றுதல் பண்டை இந்திய முறை. அவ்வித்திற் காணப்படும் இனத்தைச் சேர்ந்த பொருளைத் தந்து, புறவூதாக் கதிரால் படைநோயைத் தணிக்கும் முறையை 1974இல் மேனாட்டு மருத்துவர் வெளியிட்டனர். ஒளியை மருந்தாக்கிய முன்னோர் நுண்மதி இதனால் விளங்கும். ஆயினும், கார்போகரிசியைத் தாமே அரைத்துப் பூசி வெயிலில் நின்று தோல் வெந்து வருந்துவாரும் உளராகலின், மருத்துவர் துணையின்றி அதனைத் தொடலாகாது.

தோலிற் காயம்பட்ட இடத்திற் புதிய படை எழும் என்பதனைச் செர்மானிய மருத்துவர் கோப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார். இது நேர்த்திக்கடன் செலுத்தும் அடியார் உள்ளத்திற் கொள்ளத்தக்கது. படைநோய் தீரவேண்டி அங்கப்பிரதட்சிணம் செய்வார், கருங்கற்றரையில் உராய்ந்து தோல் கிழிய, அக்கிழிவின்வழியே நோயைப் பெருக்கிக்கொள்ளுதல் கூடும். அலகு குத்துதலும், படைபடிந்த தலையில் கத்தியை அழுத்தி முடிகளைதலும் அத்தகையன. அன்னோர்க்கு அடிப்பிரதட்சிணம், மலர்த்தொண்டு, திருமுறை ஓதல், திருவிளக்கிடல் என்பன உள. திருநீற்றையும் படையின்மேல் அழுத்தித் தேயாது மென்மையாக அணிதல் போதும். அன்பை ஏற்கும் இறைவன் அடியார் தோல் கிழிதலை வேண்டுவானல்லன்.

மனக்கவலை நோயை வளர்ப்பதும், நோய் மனக்கவலையை வளர்ப்பதும் ஒரு சுழல். இச்சுழலை அறுத்தற்குச் சைவர் கையிலுள்ள வாள் ஐந்தெழுத்து. வைகறை எழுதலும், அமைதியாக அமர்ந்து செபித்தலும், இரவில் காலத்தே துயிலுதலும் உள்ளத்தை ஆற்றும். உள்ளம் ஆறியோர் சொறிதலை அடக்கவும், பத்தியத்திற் பிறழாது நிற்கவும் வல்லராவர்.

இறுதியாக எச்சரிக்கை ஒன்றுண்டு. படைநோயை வேரறுப்பதாகக் கூறும் மருந்து எவ்விடத்து விற்கப்படினும் அதனை ஐயுறுதல் வேண்டும். இந்நோய் தணியும், பன்னாள் மறைந்தும் இருக்கும், அடியோடு ஒழிக்கும் மருந்து இதுவரை கிடைத்திலது. பெயர் தெரியாப் பொடிகளில் இரசமும் பாடாணமும் கலந்திருத்தலும், விரைந்து தணிக்கும் வீரிய மருந்து மறைவாகச் சேர்க்கப்பட்டிருத்தலும் உண்டு. அவ்வீரிய மருந்தைத் திடீரென நிறுத்தின், உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் எழுந்து உயிர்க்கே இடராதல் கூடும். பத்தியத்தை நம்பி மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துதலும் பிழை. மூட்டுவலியோ காய்ச்சலோ உடம்பெங்கும் சிவத்தலோ கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைதல் கடமை.

முடிபு

நோயர் செய்யத்தக்கது பத்தியம். அது திருத்துருத்திக் குளத்தில் இறங்கும் படி போன்றது. இறங்குதல் நம்பிகளின் செயல். ஒளிதருதல் சொன்னவாறறிவாரின் அருள். அளவுணவும், மதுபுகை நீத்தலும், மென்னீராட்டும், எண்ணெயும், துயிலும், செபமும் நோயின் வலியைக் குறைக்கும். முற்றத் தீர்க்கும் என்று உறுதி கூறற்கில்லை. இவற்றையெல்லாம் வழுவாது செய்தும் படை மீளத் தோன்றுமாயின், அதனால் அவர் பத்தியம் பிழைத்தார் என்றோ பாவஞ்செய்தார் என்றோ கூறற்க. நோயின் இயல்பே மறைதலும் தோன்றுதலுமாம்.

ஏனையோர் செய்யத்தக்கது இதனினும் எளிது. படைநோயருடன் ஒரு பந்தியில் இருந்துண்க. ஒரு துறையில் நீராடுக. அவர் கையால் திருநீறு பெறுக. நோயைக் காரணங்காட்டி அவர் இல்லத்து மணவினையைத் தடுக்காதொழிக. நம்பியாரூரர் மூழ்கிய குளத்தைத் தீர்த்தமெனத் தலையில் தெளித்துக்கொள்ளும் சைவர், நம்பிகளைப்போல நோயுற்ற மேனியொடு வருவாரைக் குளக்கரையிலே தடுத்து நிறுத்துவராயின், அத்தீர்த்தத்தின் வரலாற்றை அவர் அறிந்தாரல்லர். அறிந்தார் வழிவிட்டு நிற்க. அடியார் இறங்கி நீராடுக.

திருச்சிற்றம்பலம்